பாதி வீடுகளும் ஒரு முழுக் குடைச்சலும்

"மேடம், தண்ணி வந்துடுச்சு!" என்று முதல் வீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

பொறியாளர் அம்மாள் நிமிர்ந்து சிரிப்பதற்குள் கடைசி வீட்டிலிருந்து இன்னொரு குரல்.

"எங்க பாத்ரூம்லயும் வந்துடுச்சு மேடம். ஆனா கீழ இருந்து மேல வருது!"

கட்டியவர் குடியிருப்பைப் பாதியில் போட்டுவிட்டுத் தலைமறைவாகி வருஷங்கள் ஆகியிருந்தன. வேறு போக்கிடம் இல்லாத சில குடும்பங்கள் மட்டும் பூசாத சுவர்களுக்குள் குடியேறி, வாளியும் கையுமாக வாழ்ந்துகொண்டிருந்தன. கடைசியில் அரசாங்கமே பொறுப்பை ஏற்று, வீட்டுவசதித் துறையிலிருந்து இந்த அம்மாளை அனுப்பியது. வந்த அன்றே அவர் வாக்குக் கொடுத்துவிட்டார்: "மழைக்கு முன்னாடி எல்லாரும் முழு வீட்டுல இருப்பீங்க."

சாக்கடை மூடியைத் திறக்கச் சொன்னார். பிளம்பர் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"என்னப்பா, அடைப்பா?"

"அடைக்கறதுக்குக் குழாய் இருந்தாத்தானே மேடம்? வெறும் மண்ணு மேல மூடியை வச்சுட்டுப் போயிருக்கான்."

"நான் அப்பவே நினைச்சேன்" என்றார் பின்னாலிருந்து குடைக்காரர்.

வெயிலோ மேகமோ, விரித்த குடையோடு காலையில் வந்தால் வேலையாட்கள் கிளம்பும்வரை அவர் நகரமாட்டார். கலவை இளகல், கம்பி போதாது, கொத்தனார் டீ குடிக்கப் போய் ஆளையே காணோம் என்று நச்சரித்துக்கொண்டே இருப்பார். வேலையாட்கள் அவருக்கு வைத்த பெயர் சிசிடிவி.

குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டினார்கள். தோண்டிய இயந்திரம் மின்கம்பியை அறுத்தது. மின்சாரம் போனதும் மோட்டார் நின்றது. வந்த தண்ணீரும் நின்றது.

"நேத்து சாக்கடை மட்டும்தான் இல்ல" என்றார் குடைக்காரர். "இன்னிக்கு ரோடு, கரண்டு, தண்ணி எதுவுமே இல்ல."

அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டார். "வேற ஏதாவது விட்டுப்போச்சா சார்?"

"அந்த மூலைச் சுவர் லேசா சாயுது."

சாய்ந்துதான் இருந்தது.

அம்மாள் மூன்று துறைக்காரர்களையும் வரவழைத்தார். குழாய் பதிக்காமல் ரோடு போட முடியாது என்றார் ரோட்டுக்காரர். கம்பியைச் சரிசெய்யாமல் பள்ளத்தில் இறங்க மாட்டேன் என்றார் குழாய்க்காரர். ரோடே இல்லாமல் என் வண்டி எப்படி வரும் என்றார் மின்சாரக்காரர்.

அம்மாள் மூவரையும் கூரையில்லாத ஒரு வீட்டுக்குள் அழைத்துப்போய் நாற்காலி போட்டார். உச்சி வெயில்.

"பேசி முடிச்சுட்டு வாங்க" என்று சொல்லி, வாசலை மறித்து அவரும் வெயிலிலேயே நின்றார்.

சட்டை நனைவதற்குள் சமாதானம் பிறந்துவிட்டது. வண்டி வருவதற்கு ரோட்டுக்காரர் ஜல்லி கொட்டித் தருவார். மற்றவர்கள் வரிசையாக இறங்குவார்கள்.

அதற்குப் பிறகு அம்மாள் பள்ளத்திலேயே குடியிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். முழங்கால் சேற்றில் மண்டியிட்டுக் குழாயின் சாய்வைத் தானே பார்த்தார். சாய்ந்த சுவரை இடித்துக் கட்டவைத்தார். பிளம்பர்கூட, "மேடம் இறங்கினப்புறம் நாம எப்படி மேல நிக்கறது?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். மேலே நின்றவர் ஒருவர்தான்.

"மேகம் கூடுது மேடம்! இன்னும் கொஞ்சம் வேகமா!"

முதல் மழை வந்த மாலையில் தெருவிளக்குகள் எரிந்தன. எல்லா வீட்டிலும் தண்ணீர் ஒழுங்காகக் கீழ்நோக்கிப் போயிற்று. ஜனங்கள் சன்னல்களில் நின்று கைதட்ட, அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

குடைக்காரர் மனைவியோடு நுழைவாயிலில் நின்றிருந்தார். இத்தனை நாள் எரிச்சலையும் மறந்து அம்மாள் அவரிடம் போனார்.

"சார், உங்க வாய்க்குப் பயந்துதான் பாதி வேலை முடிஞ்சுது. உங்க வீடு எது? சாவி வாங்கியாச்சா?"

குடைக்காரர் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். மனைவிதான் வாயைத் திறந்தார்.

"எங்க வீடு இங்க இல்லம்மா. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், இதே மாதிரி பாதியில விட்ட குடியிருப்புல கூரையில்லாம நிக்குது. இதை முடிச்சாத்தான் உங்களை அங்க அனுப்புவோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க!"