ஹாரன் அண்ணனின் ஆர்முடுகல்

கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஹாரன் அண்ணனைப் போல விஞ்ஞானப் பாடத்தோடு நேருக்கு நேர் சண்டை போட்டவர் வேறு யாரும் இல்லை. அவர் கொழுந்து லொறி ஓட்டினார். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துப் பழகியதில், நடந்து போகும்போதுகூட வளைவு வந்தால் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

தொண்ணூறுகளின் நடுவில், ஃபெக்டரியில் மெஷின் பார்க்கும் வேலை அவருக்குக் கிடைப்பதாக இருந்தது. சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானம் மட்டும் பாஸாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு தரம் கோட்டைவிட்டவர், மாணவர்களான எங்களோடு சனிக்கிழமை வகுப்பில் வந்து உட்கார்ந்தார். முழங்கால் மேசையில் இடிக்கும்.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கரும்பலகையில் எழுதினார்: இரண்டாயிரம் கிலோகிராம் லொறி ஓய்விலிருந்து புறப்பட்டு, பத்துச் செக்கனில் செக்கனுக்கு இருபது மீற்றர் வேகத்தை அடைகிறது. ஆர்முடுகலையும் (வேகம் கூடும் வீதம்) விசையையும் காண்க. உராய்வைப் புறக்கணிக்க.

அண்ணன் எழுந்தார். "ஏத்தமா, எறக்கமாங்க சேர்?"

"சமதரை."

"சமதரையா? எந்தத் தோட்டத்துலங்க?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "உராய்வு இல்லேன்னா பிரேக்கு எப்பிடிங்க புடிக்கும்? இந்த லொறிய நான் எடுக்க மாட்டேங்க."

ஆனாலும் வீட்டில் செய்யச் சொன்ன அந்தக் கணக்கு மனதை அரித்தது. ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவுசெய்து, எங்களில் நாலு பேரைக் கொழுந்து மூட்டைகள்மேல் ஏற்றினார். கைக்கடிகாரம் என்னிடம். "எண்ணும்மா," என்று சொல்லி மிதித்தார். நான் பத்து என்றபோது லொறி தேயிலைச் செடிக்குள் மூக்கை நுழைத்து நின்றது. கொழுந்து முழுக்க எங்கள் தலையில்.

மலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா ஓடிவந்தார். "என்னய்யா பண்றே?"

"ஹோம்வொர்க்குங்கய்யா."

வேலை போகாமல் தப்பியதே பெரிது. மாஸ்டர்தான் போய்ப் பேசிச் சரிக்கட்டினார். திரும்பி வரும் வழியில் சொன்னார்: "அண்ணை, இஞ்ச பாருங்கோ. கணக்கில வாற றோட்டு உங்கட றோட்டு இல்லை. அங்க மழை இல்லை, வளைவு இல்லை, மாடு குறுக்க வராது. ஒருக்கா அதில ஓடிப் பாருங்கோவன்."

அண்ணன் நடையை நிறுத்தித் திரும்பினார். "மாடும் வராதுங்களா?"

"வராது."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமேங்க."

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. விசை, வேலை, வலு என்று எதைக் கொடுத்தாலும் நாங்கள் பேனை மூடியைத் திறப்பதற்குள் விடை வரும். விடை பிழையாகிப்போனால், "கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்துக்கிறேங்க சேர்," என்று அழித்துவிட்டு மறுபடி கிளம்புவார்.

பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று லொறியைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவிட்டு நின்றார்.

"உங்களுக்கு என்னண்ணே?" என்று கேட்டேன்.

"பொறும்மா. பிள்ளைங்களுது வரட்டும்."

அதிபர் ஒவ்வொரு பெயராக வாசித்தார். விஞ்ஞானத்தில் நாங்கள் அத்தனை பேரும் பாஸ். கடைசிப் பெயரும் முடிந்த பிறகுதான் அண்ணன் வாயைத் திறந்தார்.

"நமக்கு சி பாஸுங்க சேர். காலையிலயே தபால்ல வந்திருச்சு."

மாஸ்டர் அவரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார்.

எங்களையெல்லாம் லொறியில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் புறப்பட்டார். லொறி ஆமை மாதிரி ஊர்ந்தது. "வேகமாப் போங்கண்ணே," என்று கத்தினோம்.

"சும்மா இருங்க. ஒங்க அம்மாமாரு எல்லாம் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு நிக்கிறாங்க. நல்லாப் பாக்கட்டும்," என்றார்.