நம் இணையதளம் காலாவதியாவது சம்பந்தமாக

ஆர்.எஸ்.புரம்,
கோயம்புத்தூர்.

கொடுமுடியில் இருக்கும் மாப்பிள்ளை சுரேந்தர் அவர்களுக்கு, உங்கள் அக்கா வீட்டுக்காரர் திருமூர்த்தி எழுதிக்கொண்டது. இங்கே யாவரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. இங்கே யாவரும் என்றால் நான் ஒருவன்தான். அந்த யாவரும் நலம். அங்கே தங்கச்சி, குழந்தைகள், தென்னை, மாடு எல்லாம் சுகமா என்று தெரிந்துகொள்ள ஆசை.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நாம் பேசினால் "நல்லா இருக்கீங்களா மச்சான்", "நல்லா இருக்கறனுங்க மாப்ள", "சரீங்க மச்சான், வெச்சர்றனுங்க" என்று முடிந்துவிடுகிறது. போனை வைக்கிற மாதிரி கடிதத்தை நடுவில் வைத்துவிட முடியாது. மேலும் இது முழுக்க அலுவல் விஷயம். நம் இணையதளத்தின் பெயர்ப் பதிவு இந்த மாதக் கடைசியோடு காலாவதியாகிறது என்று மெயில் வந்திருக்கிறது. பக்கங்களைத் திருத்தும் பாஸ்வேர்டு என்னிடம் இருக்கிறது. பெயர்ப் பதிவின் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும்தான். ஆகவே நீங்கள் நேரில் வந்து புதுப்பித்துத் தர வேண்டும். செய்தி இவ்வளவுதான். மற்றதெல்லாம் விளக்கம்.

அக்கா போய்ச் சேர்ந்த பிறகு சாயங்காலங்கள் கொஞ்சம் நீளமாகிவிட்டன. ரேஸ்கோர்ஸில் நடக்கப் போனேன். அங்கே எல்லோரும் அவரவர் சர்க்கரை அளவைச் சொல்லிக்கொண்டே நடக்கிறார்கள். எனக்குச் சர்க்கரை இல்லாததால் என்னிடம் பேச யாருக்கும் ஒன்றுமில்லை. அப்போதுதான், நாம் காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தபோது நான் சொல்லச் சொல்ல நீங்கள் டைப் அடித்து ஏற்றிய இணையதளம் ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எந்த மதர்போர்டு எத்தனை பீப் அடித்தால் என்ன கோளாறு, எந்த ஹார்ட் டிஸ்க்கில் ஜம்பர் என்கிற குட்டி கிளிப்பை எங்கே மாட்டுவது, எல்லாம் அப்படியே இருக்கிறது. தலைப்பில் நீங்கள் போட்ட சிவப்பு எழுத்து இன்னும் மின்னி மின்னி அணைகிறது. பிரிண்டர் பக்கத்தில் 'விரைவில் எதிர்பாருங்கள்' என்று எழுதியிருக்கிறோம். இருபது வருடமாக எதிர்பார்த்தவர்கள் யாரும் புகார் செய்ததாகத் தெரியவில்லை. இதையெல்லாம் இந்தக் காலத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றிவிடுவோம் என்று முடிவு செய்து, புது போர்டுகளைப் பார்க்க ஒரு கடைக்குப் போனேன். "இது கெட்டுப்போனா எத்தனை பீப் வருமுங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் சத்தமே வராதுங்க சார். தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்க வேண்டியதுதானுங்க" என்றார் கடைக்காரர். கெட்டுப்போனால் வாயைத் திறந்து சொல்லாத பொருளைப் பற்றி என்ன எழுதுவது? பழையதையே சுத்தமாக்குவோம் என்று எழுத்துப்பிழைகளைத் திருத்தி, பிரிண்டர் பக்கத்தை எழுதி முடித்து, முகப்பில் என் செல் நம்பரைப் பெரிதாகப் போட்டு, 'சந்தேகம் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்' என்றும் சேர்த்தேன்.

முதலில் கூப்பிட்டது லோன் கொடுக்கும் கம்பெனியில் இருந்து ஒரு பெண். அவள் லோன் வேண்டுமா என்றாள், நான் உங்கள் கம்ப்யூட்டர் சத்தம் போடுகிறதா என்றேன். "எங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் சத்தம் போடாதுங்க சார், மேனேஜர்தான் போடுவாரு" என்றாள். நல்ல பிள்ளை. பீப் சத்தங்களை முழுக்க விளக்கினேன், பொறுமையாகக் கேட்டாள். மறுநாளும் கூப்பிடுவாள் என்று போனைப் பாத்ரூமுக்குக்கூட எடுத்துப் போனேன். மறுநாள் வேறு ஒருத்தர் கூப்பிட்டார், அவருக்குப் பொறுமை இல்லை.

இதற்கிடையில் தளத்துக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை எக்கச்சக்கமாக ஏறியது. அமெரிக்கா, சிங்கப்பூர், எங்கிருந்தெல்லாமோ. எனக்குக் கை கால் ஓடவில்லை. அக்கா செய்கிற மாதிரி கேசரி கிண்டினேன். மாதிரி வரவில்லை, ஆனாலும் மாடியில் குடியிருக்கும் பூஜிதாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். தளத்துக்கு வந்தவர்கள் கணக்கை ஒரு பார்வை பார்த்தாள்.

"அங்கிள், தப்பா நெனச்சுக்காதீங்க. இதெல்லாம் மனுசங்க இல்லீங்க. ரோபோங்க. எல்லா சைட்டையும் படிச்சுட்டுப் போயிட்டே இருக்கும்."

"எல்லாமேவா அம்மணி?"

"ஒண்ணு ரெண்டு மனுசங்க இருக்கும். அதுல பாதி நீங்களா இருக்கும் அங்கிள்."

ரோபோக்களுக்காகக் கேசரி கிண்டிய ஆள் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போகட்டும், யாரோ படிக்கிறார்களே என்று அன்றைக்கும் ஒரு பக்கத்தைத் திருத்திவிட்டுத்தான் படுத்தேன்.

போன வாரம் நிஜமாகவே ஒரு மனிதர் கூப்பிட்டார். கிணத்துக்கடவில் லாரிகளுக்கு எடைமேடை வைத்திருக்கும் கரீம் பாய். "ஏனுங்க, பீப் சத்தத்துக்கு வெப்சைட் வெச்சிருக்கறது நீங்கதானுங்களா? எடை போடற கம்ப்யூட்டரு பீப்பு ஒண்ணு நீட்டமா, ரெண்டு குட்டையா அடிக்குதுங்க. ரோட்டுல கொப்பரை லாரியா நிக்குது. இன்னும் கொஞ்ச நேரம் போனா எல்லாரும் வேற மேடைக்குப் போயிருவாங்க" என்றார். திரைக்குப் படம் அனுப்புகிற டிஸ்ப்ளே கார்டுதான் கோளாறு என்று போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை முடிந்துவிடுமே. "ஒண்ணையும் தொடாதீங்க, நான் வாரேன்" என்று சொல்லிப்போட்டு உக்கடத்தில் பஸ் ஏறிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் லாரிகள் ரோட்டு வளைவு வரைக்கும் நிற்கின்றன. கார்டைக் கழற்றி, பெட்டிக்கடையில் ரப்பர் வாங்கி, கார்டின் பித்தளை நிறப் பல்லையெல்லாம் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டினேன். மறுபடி ஒரு நீட்டு, இரண்டு குட்டை. ஒரு டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க பெரியவரே, நீங்க பாட்டுக்கு மெதுவா பாருங்க, நாங்க அதுக்குள்ள இங்கயே கொப்பரையைக் காயப்போட்டுக்கறமுங்க" என்றார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. எனக்கு வேர்த்து ஊற்றியது. பக்கத்து ஸ்லாட்டில் மாற்றிச் சொருகி, சுவிட்சைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரே ஒரு பீப். திரையில் வெளிச்சம் வந்தது. யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் அவரவர் லாரியைக் கிளப்பப் போய்விட்டார்கள். கரீம் பாய்தான் இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "சைட்டுக்குக் கீழ ரெண்டு பேரு போட்டிருக்குதுங்களே. சுரேந்தர்ங்கறவரு வரலீங்களா?"

"கொஞ்சம் வேலையா இருக்காருங்க. அடுத்த தடவை வருவாருங்க" என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது?

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்ததும், லாரிக்காரர் சொன்னதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று சமையலறைப் பக்கம் பார்த்து வாயெடுத்தேன். அப்புறம் செருப்பைக் கழற்றி வைத்தேன்.

நமக்குள் சண்டை ஏதாவது நடந்திருந்தால்கூட யாராவது பெரியவர்களை வைத்துச் சமாதானம் செய்துகொள்ளலாம். சண்டையே இல்லை. அக்கா இருந்தவரைக்கும் அக்காவைப் பார்க்க வந்தீர்கள், இப்போது வருவதற்கு வேலை இல்லை. உங்கள்மேல் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் ஒரு வேலையாகவே எழுதுகிறேன். மாதக் கடைசிக்குள் வந்தால் தேவலை. சாப்பாடு ஓட்டலில்தான், எனக்கு ரசம் மட்டும்தான் வருகிறது, அதுவும் அன்றன்றைக்கு ஒரு மாதிரி.

தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உங்கள் ஊர் மகுடேசுவரர் உங்கள் எல்லோரையும் காவிரிக்கரையில் குளிர்ச்சியாக வைத்திருக்கட்டும். ஒரே ஒரு நாள் விடுப்புக் கொடுத்து இந்தப் பக்கமும் அனுப்பி வைக்கட்டும்.

இப்படிக்கு,
திருமூர்த்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் பூஜிதா வந்தாள். காலாவதி மெயிலைக் காட்டினேன். "அங்கிள், இது காசு புடுங்கற மெயிலுங்க. எதுவும் கட்டிப்போடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் போனில் எதையோ தட்டிப் பார்த்தாள். "இன்னும் பல வருசத்துக்கு இருக்குதுங்களே. போன வருசங்கூட யாரோ புதுப்பிச்சிருக்காங்க. யாருங்க அங்கிள்?" என்றாள். "பாஸ்வேர்டு வெச்சிருக்கறவரு அம்மணி" என்று சொல்லிவிட்டு, உறையிலிருந்து கடிதத்தை வெளியே எடுத்தேன், மாப்பிள்ளை. ஆகவே மேலே எழுதிய அலுவல் ஏதும் இல்லை. நீங்கள் வர வேண்டிய அவசியமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாங்க.