மரியாதைக்குரிய மடையன் அவர்களுக்கு

காவிரி டெல்டாவில் கம்ப்யூட்டர் பழகியவர்களில் பாதிப் பேரை அழவைத்தவர் ஒரே ஒரு ஆள்தான். மீதிப் பாதி அவரிடம் கேள்வி கேட்கத் துணியாதவர்கள்.

அப்போது இணையத்தில், தமிழ் வழியாகவே புரோகிராம் எழுதப் பழகுகிறவர்களுக்கென்று ஒரு மன்றம் இருந்தது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாமல், பிரவுசிங் சென்டரில் பக்கத்து நாற்காலிக்காரன் முழங்கை இடிக்க உட்கார்ந்து, பாடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எங்களைப் போன்றவர்கள் "என் புரோகிராம் ஓடலை" என்று அங்கே போய் முறையிடுவோம். விஷயம் தெரிந்தவர்கள் வந்து எங்கே தப்பு என்று காட்டுவார்கள். யாரும் சொந்தப் பெயரில் இருப்பதில்லை. கம்ப்யூட்டர் சோழன் என்று ஒருவர் இருந்தார். பைட் புலி என்று ஒருவர் இருந்தார். எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர், மடையன்.

இதனால் எங்களுக்கு வந்த சங்கடம் கொஞ்சநஞ்சமல்ல. "மடையன், இதைப் பாருங்க" என்று எழுதினால் உதவி கேட்கிறோமா வம்புக்கு இழுக்கிறோமா என்று எங்களுக்கே தெரியவில்லை. சார் என்று சேர்த்தால் அவருக்குப் பிடிக்காது. அதிராம்பட்டினத்திலிருந்து ஃபாத்திமா என்று ஒரு பி.சி.ஏ. மாணவி, மன்றத்திலேயே சொந்தப் பெயரில் எழுதிய ஒரே ஆள், தன் முதல் கேள்வியை "மரியாதைக்குரிய மடையன் அவர்களுக்கு, நலம் அறிய ஆவல்" என்று ஆரம்பித்தார். மன்றத்தை நடத்திவந்த நண்பர், யாரோ யாரையோ நாசூக்காகத் திட்டுகிறார்கள் என்று முடிவுகட்டி அதை நீக்கிவிட்டார். ஃபாத்திமா மறுபடி எழுதினார். மறுபடி நீக்கினார். மூன்றாம் தடவை மடையனே வந்து, அந்தப் பெண் தன்னைச் சரியாகத்தான் கூப்பிடுகிறார், விட்டுவிடுங்கள் என்று சிபாரிசு செய்ய வேண்டியதாயிற்று.

அவரிடம் விடை மட்டும் கிடைக்காது. கேள்விதான் கிடைக்கும். என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், என்ன நடந்தது, எந்த வரி வரைக்கும் ஒழுங்காகப் போனது, அதற்கப்புறம் என்ன ஆனது என்று வரிசையாகக் கேட்பார். ஒருவர் "கோடு வேலை செய்யலை" என்று எழுதினால், எந்த வேலைக்குப் போகச் சொன்னீர்கள் என்று கேட்பார். "அவசரம்" என்று தலைப்புப் போட்டால் போச்சு. அவசரம் என்று போட்டவர்களுக்குக் கடைசியாகத்தான் பதில் சொல்வேன் என்று எழுதிவைத்திருந்தார், அதை அட்சரம் பிசகாமல் செய்தும் காட்டினார்.

ஒன்றும் பிடிபடவில்லையென்றால், எழுதிய புரோகிராமைக் கம்ப்யூட்டரே தெரியாத ஒருவருக்கு வரிவரியாக வாசித்துக் காட்டச் சொல்வார். மன்னார்குடிக்காரரான பைட் புலி இதை நம்பவில்லை. இருந்தாலும் வேறு வழியில்லாமல் முடிவெட்டிக்கொள்ளப் போன இடத்தில் கடைக்காரருக்கு வாசித்துக் காட்டினார். மாணவர்களின் சராசரி மார்க்கைக் கணக்குப் போடுகிற புரோகிராம் அது. கத்தரியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே வந்த கடைக்காரர், "அஞ்சு பாடத்தைக் கூட்டிட்டு ஏன் சார் ஆறால வகுக்கிறீங்க?" என்றாராம். பைட் புலி பாதித் தலையோடு எழுந்து பிரவுசிங் சென்டருக்கு ஓடினார் என்று மன்றத்தில் ஒரு பேச்சு உண்டு. அவர் அதை மறுத்ததில்லை.

மடையனுக்குக் கோபம் வரவைக்கிற வாக்கியம் ஒன்று இருந்தது. "சரியாயிடுச்சு, நன்றி." இப்படி எழுதிவிட்டு யாராவது கிளம்பினால் விடமாட்டார். எப்படிச் சரியானது என்று கேட்டு அவர்கள் போகிற பக்கமெல்லாம் பின்னாலேயே போவார். அடுத்து வருகிறவனுக்கு இதே தப்பு நேர்ந்தால் அவன் எதைப் படித்துத் திருத்திக்கொள்வான் என்பது அவர் வாதம். திருச்சிக்காரர் ஒருவர் இவர் தொல்லை தாங்காமல் பெயரை மாற்றிக்கொண்டு புது ஆளாக வந்தார். ஆனால் 'முயற்ச்சி' என்று ச் போட்டு எழுதுகிற பழக்கத்தை மாற்றவில்லை. முதல் பதிவிலேயே மாட்டிக்கொண்டு, பழைய பாக்கியான "எப்படி?"க்குப் பதில் எழுதிவிட்டுத்தான் உள்ளே வர முடிந்தது.

வருஷத்தில் சில நாட்கள் திடீரென்று காணாமல் போவார். போகும்முன் "முறை வைக்கிறாங்க, நாலு நாள் வரமாட்டேன்" என்று ஒரு வரி எழுதிவைப்பார். முறை என்பது ஏதோ பெரிய கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டர் சமாசாரம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். சென்னையில் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சோழன், இது வெளிநாட்டு வங்கிகளில் செய்வது, நமக்கெல்லாம் புரியாது என்று விளக்கம் வேறு கொடுத்தார்.

நான் அதற்குள் மன்னார்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிற அளவுக்கு வந்திருந்தேன். அப்பா குத்தகை விவசாயி. எங்கள் ஊரில் பெரும்பாலான நிலம் ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தம். பேர் வேண்டாம். தலைமுறையாக உழுகிறவர்களின் பெயர் குத்தகைப் பதிவேட்டில் கிடையாது. ஆட்சிகள் மாறின, நிலத்தைப் பற்றி மேடைக்கு மேடை பேசினார்கள், எங்கள் ஊர்ப் பதிவேட்டில் மட்டும் ஒரு பெயர்கூட ஏறவில்லை. திடீரென்று அறக்கட்டளை, இங்கே குத்தகைதாரர் என்று யாருமே இல்லை, நிலத்தைக் காலி செய்து தர வேண்டும் என்று மனுப் போட்டுவிட்டது. தாலுகா ஆபீஸில் விசாரணை. சாகுபடி செய்கிற இருநூற்று முப்பது பேரின் பெயர், சர்வே நம்பர், எவ்வளவு நிலம் என்று எல்லாவற்றையும் ஒழுங்காக அச்சடித்துக் கொடுக்க வேண்டும். பட்டியலில் இல்லாதவர் நிலத்திலும் இல்லை என்று ஆகிவிடும்.

விவசாயிகள் சங்கச் செயலாளர் நோட்டுகளைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். டைப் அடித்தாலே போதும். ஆனால் நான் கம்ப்யூட்டர் வாத்தியார் ஆயிற்றே. பக்கத்துக்கு முப்பது பெயர், ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பு, கோடு என்று அழகாக அச்சடிக்க ஒரு புரோகிராம் எழுதினேன். அச்சடித்த பட்டியலைப் பார்த்து அப்பா பக்கத்து வீட்டுக்காரரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டுச் செயலாளர் பெயர்களை வாசித்தார். வாசித்து முடித்ததும் செல்லம்மாள் எழுந்து நின்றார். அவர் குடும்பம் ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றது. வீட்டுக்காரர் அரும்பாடுபட்டுக் குத்தகைக்கு வாங்கிய ரெண்டு மா, அதாவது ஒரு ஏக்கர்கூடத் தேறாத நிலம்தான், அவர் போன பிறகு அந்த அம்மாவுக்கு இருந்த ஒரே பிடிமானம்.

"எம் பேரைக் காணுமே தம்பி" என்றார்.

அவரைப் பார்த்து இன்னொருவர் எழுந்தார். மொத்தம் ஏழு பேர் விடுபட்டிருந்தார்கள். கெட்ட நேரம், அதில் ஐந்து பேர் ஒரே கட்சி. டீக்கடைக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் நான் மற்றக் கட்சிக்காரன் ஆகியிருந்தேன். சாயங்காலத்துக்குள் அறக்கட்டளையின் ஆளாகவும் ஆகிவிட்டேன். உங்க புள்ளை யார் பக்கம் என்று அப்பாவிடமே ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

விடுபட்ட ஏழு பேரையும் கையாலேயே எழுதிச் சேர்த்திருக்கலாம். ஆனால் ஏன் விட்டுப்போனது என்று சொல்ல முடியாவிட்டால், நான் பிடிபட்டதும் சேர்த்துவிட்டேன் என்றுதான் பேச்சு வரும். விசாரணைக்கு ஒரே ஒரு நாள்தான் பாக்கி. காலையில் சென்டரைத் திறந்ததும் புரோகிராமை மன்றத்தில் போட்டேன். தலைப்பு, அவசரம். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று இருந்தது.

பத்தே நிமிஷத்தில் மடையன் வந்தார். அவர் சட்டத்தை அவரே மீறி நான் பார்த்தது அன்றைக்குத்தான். மொத்தம் எத்தனை பேர், அச்சில் எத்தனை பேர் என்று கேட்டார். இருநூற்று முப்பது, இருநூற்று இருபத்து மூன்று என்றேன். விடுபட்டவர்கள் யார் யார் என்று அடுத்து கேட்டார்.

முந்தின நாள் முழுக்க அதே கேள்வியைக் கேட்டவர்கள் எல்லோரும் கட்சி தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. "நீங்களும் கட்சி பாக்குறீங்களா? பேருக்கு ஏத்த ஆள்தான்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். கம்ப்யூட்டர் சோழன் முதல் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் பதில் வந்தது. "பேர் வேணாங்க. நோட்டுல அவங்க எத்தனாவது ஆளுன்னு மட்டும் எண்ணிச் சொல்லுங்க."

நோட்டை எடுத்து எண்ணினேன். செல்லம்மாள் முப்பத்தொன்று. அடுத்தவர் அறுபத்திரண்டு. அதற்கடுத்தவர் தொண்ணூற்று மூன்று. நூற்று இருபத்து நான்கு என்று அடிக்கும்போது என் கை நின்றுவிட்டது. முப்பத்தொன்றாம் வாய்ப்பாடு. முப்பது பெயர் அடித்துப் பக்கம் நிரம்பியதும் என் புரோகிராம் புதுப் பக்கத்துக்குத் தலைப்புப் போட ஓடியிருக்கிறது. ஓடும்போது அடுத்த பெயரை வாசித்துக் கையில் வைத்திருந்திருக்கிறது. தலைப்பைப் போட்ட பரபரப்பில் அந்தப் பெயரை அடிக்க மறந்து, அதற்கடுத்த பெயரை எடுத்துக்கொண்டுவிட்டது. ரெண்டு வரியை இடம் மாற்றிப் போட்டேன். இருநூற்று முப்பதும் வந்தது.

சந்தோஷத்தில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? "சரியாயிடுச்சு, நன்றி."

"எப்படி?" என்று வந்து நின்றார். முழுக்க விளக்கி எழுதினேன். படித்துவிட்டு, "எனக்குச் சொன்னது பத்தாது. அந்த ஏழு பேருக்கும் சொல்லுங்க" என்றார்.

அன்றைக்கு மத்தியானமே மறுபடி கூட்டம் போட்டோம். ஒவ்வொரு பக்கத்துக் கடைசிப் பெயரையும் நோட்டில் காட்டி, அடுத்த ஆள் எப்படி விழுந்தார் என்று சொன்னேன். செல்லம்மாள் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப மிஷினுக்கு யாரு எந்தக் கட்சின்னு தெரியாதா?" என்றார். தெரியாதுங்க என்றேன். "நல்ல மிஷினா இருக்கே" என்றார். கூட்டமே சிரித்தது. அதற்கப்புறம் இருநூற்று முப்பது பெயரையும் வாசிக்க, ஒவ்வொருவராக "இருக்கேன்" என்றார்கள். அப்பாவின் முறை வந்தபோது அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கேன் என்றார். மறுநாள் பட்டியலை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை இழுத்து இழுத்துப் பல தடவை நடந்து, கடைசியில் அத்தனை பெயரும் பதிவேட்டில் ஏறின. செல்லம்மாளுடையதும்.

மடையனிடம் நேரில் மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும் என்று மன்றத்தை நடத்திய நண்பரை நச்சரித்து விலாசம் வாங்கினேன். வெளிநாட்டு வங்கியும் இல்லை, சென்னையும் இல்லை. குடவாசல் பக்கம், ஆற்று மதகடி என்று இருந்தது. பஸ் பிடித்துப் போனேன்.

காக்கிக் கால்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்ட ஒருவர் மதகின் மேல் நின்றுகொண்டிருந்தார். என்னைவிட ரெண்டு மூன்று வயது கூட இருக்கும். பொதுப்பணித்துறையில் லஸ்கர், அதாவது மதகைத் திறந்து மூடுகிறவர். கணக்கில் பட்டம் வாங்கிய ஆள். அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால் அந்த வேலை இவருக்கு வந்தது. வாய்க்கால்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுகிற நாட்களில்தான் மன்றத்துக்கு வராமல் இருந்திருக்கிறார். அன்றைக்கும் முறை. ரெண்டு கரையிலும் ஆட்கள் நின்று, எங்க வயலுக்குத் தண்ணி வரலை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணி எது வரைக்கும் வந்தது, அதற்கப்புறம் எங்கே நின்றது என்று இவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கேள்வி கேட்டே ஆளைக் கொல்றான் மடையன் என்று ஒருவர் கத்தினார்.

நான் இன்னார் என்று சொன்னேன். எழுத்தில் அத்தனை பேரை விரட்டிய மனிதர் என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டார். அப்படி எழுதியது தப்பு என்று ஆரம்பித்தேன். முடிக்கவிடவில்லை.

"மடையைத் திறக்கிறவன் மடையன்தானே. எப்படியும் திட்டப் போறாங்க. நானே வெச்சுக்கிட்டா அவங்களுக்கு வேற பேரு யோசிக்கிற வேலை மிச்சம்" என்றார்.

டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டார். மறுநாள் மன்றத்தில், வந்த விருந்தாளி ஒரு வடைகூடச் சாப்பிடாமல் போய்விட்டார் என்று அரைப் பக்கத்துக்குப் புகார் எழுதியிருந்தார்.

சில வருஷம் கழித்து மன்றத்தை மூடுகிறோம் என்று அறிவித்தார்கள். கடைசி நாளில் எல்லோரும் பிரியாவிடை எழுதினார்கள். வேலைக்குப் போய்விட்ட ஃபாத்திமா நாலு பக்கத்துக்கு எழுதினார். மடையன் மட்டும் பிரியாவிடை எழுதவில்லை. பதில் கிடைக்காமல் கிடந்த பழைய கேள்விகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கரண்ட் போய்விடும் என்று பயந்து ஒவ்வொரு பதிலையும் துண்டு துண்டாகப் பதிவிட்டார். நாங்கள் பக்கத்தை மறுபடி மறுபடி திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியாக எடுத்தது மூன்று வருஷத்துப் பழைய கேள்வி. "நீங்க இன்னும் இதைப் பாக்குறீங்களான்னு தெரியலை. பாத்தீங்கன்னா, உங்க தப்பு ஒம்பதாவது வரியில" என்பதோடு மன்றம் போய்விட்டது.

நான் திறந்துவைத்திருந்த பக்கத்தில் அந்தக் கேள்வியும் கேட்டவரின் மின்னஞ்சல் முகவரியும் அப்படியே இருந்தன. ஒன்பதாவது வரியை நானே உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு நாள் ஆயிற்று. தப்பைக் கண்டுபிடித்து, நடந்ததைச் சொல்லி, பாதியில் நின்ற பதிலை முடித்து அனுப்பினேன். கம்ப்யூட்டரை விட்டுவிட்டதாகவும், பட்டுக்கோட்டையில் பெயிண்ட் கடை வைத்திருப்பதாகவும் அவர் பதில் போட்டார். இருந்தாலும் மூன்று வருஷமாக மனசின் ஓரத்தில் உறுத்திக்கொண்டிருந்தது என்றார். இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறாரே, யாருங்க அவர், என்று கடைசியில் கேட்டிருந்தார்.

எனக்கு ரொம்ப வேண்டியவருங்க, என்று எழுதினேன்.