கிளாக்கர் ஐயாவின் காதும் என் முதுகும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்தேன். பேனாவை எடுப்பேன், சுவரில் இருக்கிற மாரியம்மன் படத்தைப் பார்ப்பேன், பேனாவை வைத்துவிடுவேன். ஆத்தா சம்பந்தப்பட்ட விஷயத்தில் நாலு பேர் சிரித்தால் அது குற்றமாகிவிடுமோ என்று பயம். போன வாரம் என் மனைவி செல்லம்மா சொன்னாள்: “அன்னிக்கு ஆத்தாவே சிரிச்சிருப்பா. எழுதுங்க.” தோட்டப் பள்ளியில் அஞ்சாவதோடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அப்போது நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தின் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பெட்டி தூக்குகிற ஆள். தேயிலை நிரப்பிய பெட்டியை முதுகில் ஏற்றி லொறிவரை கொண்டுபோக வேண்டும். இளவயதுத் திமிரில் ஒரு நாள் இரண்டு பெட்டியை ஒன்றாக ஏற்றினேன். (யாரும் கேட்கவில்லை. பெண்கள் பக்கத்தில் நின்றார்கள், அவ்வளவுதான் காரணம்.) இடுப்பில் ஏதோ கிளை முறிந்த மாதிரி சத்தம். அதன்பிறகு குனிந்தால் லேசில் நிமிர முடியாது.

தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் தடவிப் பார்த்துவிட்டு, “திங்கட்கிழமை துரைகிட்ட சொல்லுவேன். இனி நீ தூக்குற வேலைக்கு ஆக மாட்ட” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். தோட்டத்தை நடத்துகிற துரை வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டிவிடுவார். பேர் போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். செல்லம்மாவையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கே போய் நிற்பது?

செல்லம்மாதான் வழி கண்டுபிடித்தாள். தலவாக்கலை பஜாரில் துணிக்கடைக்கு மேல்மாடியில், இந்தியாவிலிருந்து வந்த ஒரு மாஸ்டர் யோகாசன நிலையம் நடத்துகிறாராம்.

“புடவைக் கடைக்காரரு தொந்தியோட போனாராம், இப்ப குனிஞ்சு செருப்பு மாட்டுறாராம்” என்றாள்.

“எனக்குக் குனிய வரும்டீ. நிமிரத்தானே வராது?”

“அதையும் கேட்டா சொல்லித் தருவாரு. போங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினேன். இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. மழைக்காலத்தில் தேயிலை மலையில் இறங்குகிற எங்கள் ஆட்கள், அட்டை ஏறாமல் இருக்க முழங்கால்வரை சவர்க்காரத்தை, அதாவது சோப்பை, குழைத்துப் பூசிக்கொள்வார்கள். எனக்கோ யோகாசனம் என்றால் முனிவர்கள் செய்தது, கோயிலுக்குப் போகிற மாதிரி சுத்தமாகப் போக வேண்டும் என்று எண்ணம். முதல் நாள் பூசியிருந்த சவர்க்காரத்தையும் தேய்த்துக் கழுவினேன். அதற்குப் பதில் கால் முழுக்கத் திருநீறு பூசினேன். பிறகு குறுக்குவழி என்று தேயிலைக்குள் இறங்கி நடந்தேன். திருநீற்றைப் பார்த்து எந்த அட்டையும் ஒதுங்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே நின்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தேன். எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

மேலே சாம்பிராணி மணம். வரிசையாகப் பாய்கள். மாஸ்டர் மெல்லிய குரலில் சட்டம் சொன்னார்: பேசக்கூடாது, கண்ணைத் திறக்கக்கூடாது, அசையச் சொல்லாமல் அசையக்கூடாது. காலியாக இருந்த ஒரே பாயில் உட்கார்ந்து பக்கத்தில் பார்த்தேன். எனக்கு வேர்த்துவிட்டது.

பக்கத்துப் பாயில் எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஐயா.

துரைக்கு அடுத்தபடி, ஆபீஸ் கணக்கைப் பார்க்கிற அவர்தான். நாங்கள் அவர் முன்னால் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றுதான் பேசுவோம். அப்படிப்பட்டவர் அரைக்கால்சட்டையோடு, தொந்தி மேலும் கீழும் போய்வர, மல்லாந்து கிடந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகமும் வெளிறியது. அவருக்கும் மூச்சு வாங்குகிறது என்று துரைக்குத் தெரியக்கூடாது போல.

“நீ எங்கடா இங்க?” என்று பல்லைக் கடித்தபடி கேட்டார்.

“சும்மாங்கய்யா. பக்திக்காக.”

“முதுகு எப்படி?”

“கல்லு மாதிரி இருக்குங்கய்யா.” (அது உண்மைதான். கல் மாதிரிதான் அசையாமல் இருந்தது.)

மறுநாள் துரை முன்னால் எனக்காகப் பேசப்போகிறவரும் அவர், எனக்கு எதிராகப் பேசப்போகிறவரும் அவர். ஆகையால் மாஸ்டர் சொன்ன ஆசனம் எல்லாவற்றையும் முனகாமல் செய்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பக்திக் கண்ணீர் என்று அவர் நினைக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

கடைசியில் பிணம் மாதிரி படுக்கச் சொன்னார்கள். அது ஒன்றுதான் எனக்கு நன்றாக வந்தது. கூடம் முழுக்க அமைதி. நான் ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்தேன்.

என் வேட்டி மடிப்பிலிருந்து ஓர் அட்டை இறங்கிக்கொண்டிருந்தது.

பாயில் இறங்கி, வாலை ஊன்றி நிமிர்ந்து நின்று, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி மோப்பம் பிடித்தது. நான் பக்கத்தில் கிடக்கிறேன். என் இரத்தம் அதற்குப் பிடிக்கவில்லை. கிளாக்கர் ஐயா பக்கமாக வளைந்து வளைந்து நடந்தது. அவருக்கு அட்டை என்றால் உயிர் போகும். மலைக்கு வந்தால் முழங்கால்வரை காலுறை போட்டு, அதற்குமேல் பூட்சும் போட்டுத்தான் வருவார். அது அவருடைய பாயில் ஏறி, தோளைத் தாண்டி, காதுக்குக் கீழே வந்து நின்று யோசித்தது.

காதுக்குள் போய்விட்டால்? கத்தினால் கூடமே எழும்பும். அட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். தேயிலைக்குள் நடந்து வந்தவன் அங்கே நான் ஒருவன்தான். கத்தாவிட்டால் அது உள்ளே போகும். நாளைக்கு அவர் காதைப் பொத்திக்கொண்டு துரை முன்னால் என்னைப் பற்றி என்ன சொல்வார்?

‘ஆத்தா, நீயே பாத்துக்க’ என்று எழுந்து, அவர்மேல் கவிழ்ந்து, இரண்டு விரலால் அட்டையைக் காதோடு சேர்த்துப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து முதுகு பிடித்துக்கொண்டது. நகர முடியவில்லை.

கிளாக்கர் ஐயா கண்ணைத் திறந்தார். அவர் மூக்குக்கு நேரே என் மூக்கு. அவருடைய காது என் கையில்.

“ஏன்டா... காதையா பிடிக்கிற?”

“இல்லைங்கய்யா.”

“பிடிச்சிருக்கியேடா!”

“பிடிச்சிருக்கேங்கய்யா. ஆனா உங்களைப் பிடிக்கலைங்க. அட்டையைங்க.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் போட்ட கூச்சலில் கீழே துணிக்கடையில் விலை பேசிக்கொண்டிருந்தவர்கள் மாடி ஏறி வந்துவிட்டார்கள். அவர் உதறி எழுந்தார், நான் உருண்டு மாஸ்டர் காலடியில் விழுந்தேன். அட்டை என் விரலில் ஒட்டிக்கொண்டு நிம்மதியாகக் குடிக்க ஆரம்பித்தது. மாஸ்டர் என்னைப் பார்த்து, “நீங்கள் இனி வர வேண்டாம்” என்று அதே மெல்லிய குரலில் சொன்னார். வளைந்தபடியே வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை பெரட்டுக் களத்தில், எல்லோருக்கும் வேலை பிரிக்கிற இடத்தில், அதே வளைவோடு துரை முன்னால் நின்றேன். துரையின் பூட்ஸ் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. டிஸ்பென்சர் ஏதோ சொன்னார். துரை கிளாக்கர் ஐயாவிடம் கேட்டார். கிளாக்கர் ஐயா நீளமாக இங்கிலீஷில் பேசினார். எனக்குப் புரிந்தது ‘காட்’ என்ற ஒரு சொல்தான். போச்சு, கடவுள் காப்பாற்றட்டும் என்று அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன்.

பிறகு அவர் என் பக்கம் குனிந்து தமிழில் சொன்னார்: “நீ மாரியம்மனுக்கு நேர்த்தி வச்சிருக்க. திருவிழா முடியிற வரைக்கும் நிமிராம நடப்பேன்னு வேண்டுதல். அதான் இந்தக் கோலம், நோவு இல்லைன்னு சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் பொம்பளைங்களோட குச்சி பொறுக்கு. திருவிழாவுக்குத் துரை வருவாரு, அவர் முன்னால நிமிர்ந்து நிக்கணும். இல்லாட்டி அன்னிக்கே பேரு வெட்டு. ஆமான்னு தலையாட்டு. அட்டையைப் பிடிச்சதுக்கு இதோட சரி. காது விஷயம் வெளிய போச்சுன்னா நானே வெட்டுவேன்.”

அம்மன் பேரில் பொய்யா? இல்லை என்றால் பிள்ளைகள் தெருவில். ஒரு நொடி கண்ணை மூடினேன். ‘ஆத்தா, அவரு பொய்யாச் சொல்லிட்டாரு. நான் இப்ப மெய்யா வேண்டிக்கிறேன்’ என்று மனசுக்குள் சொல்லி, அதன்பிறகுதான் தலையாட்டினேன்.

அன்று முதல் குனிந்தே நடந்தேன். ஸ்டோரில் பெண்களோடு உட்கார்ந்து தேயிலையில் குச்சி பொறுக்கினேன். (“அண்ணி வந்துட்டாங்க” என்று தினமும் வரவேற்பு.) நோவு குறைந்த மாதிரி இருந்தது. ஆனால் நிமிர்ந்து பார்த்தால்தானே முதுகு சரியா என்று தெரியும்? நிமிர்ந்தால் நேர்த்தி முறிந்துவிடும்.

“கதவைச் சாத்திட்டேன். ஒரே ஒரு தடவ நிமிர்ந்து பாருங்களேன். யாரும் பாக்கலை” என்று செல்லம்மா அழுதாள்.

“ஆத்தா பாக்குறாளேடீ.”

“நிமிர வராட்டி நாம எங்க போறது?”

முடங்கியபடியே படுத்துக்கொண்டேன்.

திருவிழா அன்று தப்பும் உறுமியும் காதைப் பிளந்தன. துரைக்கு மாலை போட்டு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். பூசாரி கடைசித் தீபாராதனை காட்டியதும் கிளாக்கர் ஐயா என் விலாவில் இடித்தார். செல்லம்மா பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் முழங்காலில் கையை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தேன். துரையின் பூட்ஸ் தெரிந்தது, பிறகு அவர் பெல்ட், பிறகு மாலை, பிறகு முகம். அதற்கும் மேலே, பல நாள் பார்க்காத அம்மன் கோயில் கோபுரம்.

தலை சுற்றியது. விழாமல் இருக்கக் கையை நீட்டினேன். வாழ்த்துச் சொல்ல வருகிறான் என்று நினைத்துத் துரை கைகொடுத்துக் குலுக்கினார். தோட்டமே வாய்பிளந்தது. மறுநாள் பெட்டி தூக்கப் போனேன். ஒன்று மட்டும்.

பேர் வெட்டப்படவில்லை. அதே தோட்டத்தில்தான் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது கீழே விழுந்ததை எடுக்கக் குனிந்து கொஞ்சம் தாமதித்தால் போதும், மூலையிலிருந்து ஒரு குரல் வரும்: “நேர்த்தியா, நோவா?” மருமகன்கள் வந்த முதல் நாளே இதைக் கற்றுக்கொண்டார்கள்.

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். எங்கள் லயத்தில் ஏற்கெனவே அட்டையைப் பாம்பாக்கிவிட்டார்கள், நான் காதைத் திருகினேன் என்றும் சேர்த்துவிட்டார்கள். திருகவில்லை. இன்னொன்று, ஆத்தா நேரில் வந்து என் முதுகைத் தடவினாள் என்றும் சொல்லாதீர்கள். அவள் வரவில்லை. கிளாக்கர் ஐயாவைத்தான் அனுப்பினாள். எனக்கு அது போதும்.