மாஸ்டர் பக்கத்துப் பிரேக்

வலது கணுக்காலில் பட்டை விர்ரென்றது. மாஸ்டர் பிரேக் போட்டார்.

தெருவோர நடைபாதையில் காரும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. ஆனாலும் வலது காலை ஓங்கி ஊன்றி அப்படியே நின்றுவிட்டார். அரையடி பின்னால் வந்துகொண்டிருந்த மனைவி அவர் முதுகில் மூக்கை இடித்துக்கொண்டாள்.

"மறுபடியுமா?" என்றாள், மூக்கைத் தடவியபடி.

"நான் என்ன பண்றது? கால் தானா மிதிக்குது."

காலைச் சொல்லிக் குற்றமில்லை. முப்பத்தைந்து வருடம் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த கால் அது. கற்றுக்கொள்பவர் ஸ்டீயரிங்கையும் உயிரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்க, பக்கத்து இருக்கையில் மாஸ்டர் சாவகாசமாக உட்கார்ந்திருப்பார். அவர் காலடியில் அவருக்கென்று தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். ஊரில் பாதிப் பேர் உயிரோடு நடமாடுவது அந்தப் பிரேக்கின் தயவால்தான் என்பது அவர் கட்சி. மாஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டார், கால் ஓய்வு பெறவில்லை. பஸ்ஸில் போனால்கூட முன் சீட்டின் அடியில் மிதித்துக்கொண்டேதான் போவார்.

அப்படிப்பட்ட காலில் இந்தப் பட்டை ஏறியதற்குக் காரணம் மனைவியின் நொண்டல். மழை விட்டு வெயில் வந்த ஒரு காலையில், காபி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பியவள் நொண்டினாள். மறுநாளும் நொண்டினாள். அவர்கள் இருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லாத கட்டடம். செய்தி கேட்டு மகள் ஓடி வந்தாள். தன் வீட்டுப் பக்கத்தில் ஒரு கீழ்த்தள வீடு காலியாக இருப்பதாகவும், யாராவது படியில் உருளுவதற்கு முன்னால் இரண்டு பேரும் அங்கே வந்துவிட வேண்டும் என்றும் தீர்ப்புச் சொன்னாள்.

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்போதிருக்கும் மூன்றாம் மாடி வீட்டின் பால்கனியிலிருந்து பார்த்தால் அவருடைய பழைய டிரைவிங் ஸ்கூல் மைதானம் முழுசாகத் தெரியும். சாயங்காலம் டீயும் கையுமாக உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுக்கிறவனை மூன்றாம் மாடியிலிருந்தே திட்டுவார். கீழ்த்தளத்தில் உட்கார்ந்து யாரைத் திட்டுவது? பூந்தொட்டியையா?

கெஞ்சிக் கூத்தாடி ஒரு தவணை வாங்கினார். பிசியோதெரபி கிளினிக்கில் பயிற்சி எடுப்பது, கடைசியில் நடை சரியாகிவிட்டதா என்று அங்கேயே ஒரு டெஸ்ட், பாஸ் ஆனால் மூன்றாம் மாடி, ஃபெயில் ஆனால் கீழ்த்தளம். டெஸ்ட் என்ற வார்த்தையைக் கேட்டதும் மாஸ்டருக்குத் தெம்பு வந்துவிட்டது.

கிளினிக்கில் இருந்த பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண்தான், ஆனால் பேச்சில் கெட்டி. வாட்ச் பட்டை மாதிரி இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். காலுக்கு ஒன்று. எந்தக் கால் முன்னால் போக வேண்டுமோ அந்தக் காலில் பட்டை லேசாக அதிரும்.

"வயசாச்சுன்னா கால் தாளம் தப்பும். வாயால சொன்னா மனுஷங்க கேக்க மாட்டாங்க. தொட்டுச் சொன்னா கால் கேக்கும்" என்று இரண்டு பேரையும் பொதுவாகப் பார்த்துச் சொன்னாள்.

மனைவி பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு, எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, தனியாக நடக்கப் பயமாக இருக்கிறது என்று பின்வாங்கினாள். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள்.

"வண்டி கத்துக்குடுக்கிற மாதிரிதான் சார் இதுவும். ரெண்டு பக்கமும் கண்ட்ரோல் இருந்தா பயம் போயிடும். நீங்களும் ஒரு ஜோடி மாட்டிக்கிட்டுச் சரியா நடந்து காட்டுங்க. அம்மா உங்களைப் பாத்துப் பழகிக்குவாங்க."

மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் தொழில் இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை. தெரியாமல் இருந்தால்தான் அவருக்கு ஆச்சரியம்.

அப்படி ஆரம்பித்த பயிற்சிதான் நடைபாதையில் மூக்கு இடியில் வந்து நின்றது. வலது பக்கம் அதிர்ந்தால் பிரேக். இடது பக்கம் அதிர்ந்தால் ஒரு அடி. திரும்ப வலது, திரும்பப் பிரேக். தெரு முனைக்குப் போவதற்குள் மனைவியின் மூக்கு சிவந்துவிட்டது. மாஸ்டருக்கு நடந்து காட்டும் பொறுப்பு, நடந்து காட்ட முடியவில்லை.

பிசியோதெரபிஸ்டிடம் முறையிட்டார்கள். வலது காலுக்குத்தானே பிரச்சினை, இடது பட்டையை மட்டும் வைத்துக்கொண்டு பாருங்கள் என்றாள். மாஸ்டர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். ஆனால் இடது காலுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. அது கிளட்ச். கிளட்ச் மிதித்தால் கை சும்மா இருக்காது, கியரைத் தேடும். மறுநாள் காலை கீழே தையல்கடை வாசலில் ஒரு அம்மாள் ரவிக்கை வாங்க நின்றுகொண்டிருந்தார். கையில் வளைந்த பிடி போட்ட குடை. மாஸ்டரின் இடது கால் மிதித்தது, கை போய்க் குடைப்பிடியைப் பற்றியது, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குத் தள்ளிவிட்டது.

அந்த அம்மாள் குடையை விடவில்லை. மாஸ்டரும் விடவில்லை, மூன்றாவது கியர் பாக்கி இருந்தது. மனைவி நடுவில் புகுந்து, மன்னிப்புக் கேட்டு, கணவரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

"மாஸ்டர், காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்கறீங்களே, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று தையல்காரர் அக்கறையாகக் கேட்டார்.

மாஸ்டர் முறைத்தார். இப்படி ஒரு கேள்வியை ஏற்கெனவே கேட்ட மகளிடம் அவர் ஒரு வாரம் பேசாமல் இருந்தவர். செருப்பு நுனியில் தேய்ந்தால் அது செருப்பின் தரம். போன மழையில் அவர் படியில் சறுக்கியது கட்டடக்காரன் போட்ட படியின் லட்சணம். அவர் வாழ்க்கையில் தப்பு எப்போதுமே பக்கத்து இருக்கையில்தான் நடந்திருக்கிறது.

பிசியோதெரபிஸ்ட் அடுத்த வழியைச் சொன்னாள். கால் வேண்டாம், இடுப்பில் கட்டும் பெல்ட் இருக்கிறது, அது இடுப்பின் இரண்டு பக்கமும் மாறி மாறித் தொடும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பக்கவாட்டில் தட்டினால் என்ன அர்த்தம் என்று மாஸ்டரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? ஸ்டீயரிங் பிடித்தவர்களின் தோளைத் தட்டித் தட்டியே திருப்பியவர் அவர். வலது பக்கம் தட்டினால் வலது பக்கம் திரும்பு, இடது பக்கம் தட்டினால் இடது பக்கம் திரும்பு.

அன்றைக்கு மாஸ்டர் தெருவை நீளவாக்கில் நடந்ததைவிட அகலவாக்கில் நடந்ததுதான் அதிகம். மருந்துக்கடைப் படியில் ஒரு கால் வைத்தார், திரும்பினார். எதிர்வரிசை மளிகைக்கடைக்குள் போய்விட்டு ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தார். கடைசியில் தையல்கடைக்குள் நுழைந்து, வெட்டிப்போட்டிருந்த துணியையெல்லாம் மிதித்து, வந்த வழியே வெளியேறினார். மனைவி நொண்டிக்கொண்டே பின்னால் ஓடினாள்.

சாயங்காலம் தையல்காரர் மூன்று மாடி ஏறி வந்தார். மாஸ்டர் குளியலறையில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தி மனைவியிடம் கேட்டார்.

"காலையிலேயே ஆரம்பிச்சுடறாராம்மா?"

மனைவிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்த தையல்காரர், மனசைத் தேற்றிக்கோங்க என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். குளியலறைக் கதவுக்குப் பின்னால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மாஸ்டர் வெளியே வந்து பெல்ட்டைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தார்.

"குடிச்சிட்டு வந்தவனை ஒருநாளும் வண்டியில ஏத்தாதவன் நான். என்னைப் பாத்து இந்தத் தெரு குடிகாரன்னு சொல்லுது. போதும்."

மனைவி பெல்ட்டை எடுத்து மடித்து வைத்தாள். சரி, விடுங்கள், கீழ்த்தள வீட்டுக்கே போய்விடலாம், என் கால் என்றைக்குச் சரியாகப் போகிறது என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துச் சமையலறைக்கு நடந்தாள். மாஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மைதானம், பால்கனி எல்லாம் அந்த நிமிஷம் நினைவுக்கே வரவில்லை. இவள் ஒருநாள் விழுந்துவிடுவாள், அப்போது தான் பக்கத்தில் இல்லாமல் போய்விடுவோம் என்கிற பயம் மட்டும்தான் இருந்தது. அவர் போய்க் கால் பட்டைகளை எடுத்து வந்து, குனிந்து, மூச்சு வாங்க, தானே கட்டிக்கொண்டார்.

மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன். உங்க பக்கத்துல கிளட்ச் இருந்துச்சு, பிரேக் இருந்துச்சு. ஆக்சிலேட்டர்?"

"அது எதுக்கு எனக்கு? அது ஓட்டறவன் பக்கம் இருக்கும்."

"முப்பத்தஞ்சு வருஷமா நிறுத்த மட்டும்தான் பழகியிருக்கு உங்க கால். இப்ப உங்க பக்கமும் ஒரு ஆக்சிலேட்டர் வெச்சாச்சுன்னு நினைச்சுக்கோங்க. வலது கால்ல தொட்டா அது பிரேக் இல்ல. போகச் சொல்லுது."

மாஸ்டர் நிமிர்ந்து நின்றார். பட்டை அதிர்ந்தது. கால் வழக்கம்போல ஊன்றப் பார்த்தது. போ, என்று காலுக்குச் சொன்னார். கால் போனது. இடது அதிர்ந்தது, போனது. ஹாலைத் தாண்டிப் பால்கனி வரை ஒருமுறைகூட நிற்காமல் போய்ச் சேர்ந்தார். திரும்பி வரும்போது கால் தேயும் சத்தமே கேட்கவில்லை, அதை அவர் கவனிக்கவும் இல்லை. மாணவி எப்படி வருகிறாள் என்பதில்தான் அவருக்குக் கவனம்.

மாணவிதான் தேறவில்லை. மாஸ்டரின் நடை நாளுக்கு நாள் வேகம் பிடித்தது, மனைவியின் நொண்டல் நாளுக்கு நாள் மோசமானது. அவர் சந்தையைச் சுற்றி ஒரு வட்டம் நடந்து காட்டினால், அவள் இரண்டு வட்டம் நடந்தால்தான் தனக்குப் பிடிபடும் என்பாள். இரண்டு வட்டம் நடந்தால், படி ஏறி இறங்கிக் காட்டச் சொல்வாள். மாடிப்படியில் எப்போதும் அவருக்கு ஒரு படி பின்னால்தான் வருவாள். ஒருநாள் அவர் நின்று உற்றுப் பார்த்தார்.

"நேத்து இடது காலைத்தானே இழுத்தே? இன்னிக்கு வலது காலை இழுக்கறே?"

"வலிக்கு என்ன வாடகைப் பத்திரமா போட்டிருக்கு, ஒரே இடத்துல இருக்க?"

மாஸ்டர் அதை நம்பினார். நோய் முற்றுகிறது என்று முடிவு கட்டி, தான் இன்னும் நன்றாக நடந்து காட்ட வேண்டும் என்று வைராக்கியம் கொண்டார்.

டெஸ்ட் நாள் வந்தது. கிளினிக்கின் நீண்ட தாழ்வாரத்தில் கோடு போட்டு, நடையை அளக்க ஒரு கேமராவும் வைத்திருந்தார்கள். மறுமுனையில் பிசியோதெரபிஸ்ட் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் மகள். இரண்டு பேரும் சேர்ந்தே நடக்கலாம், ஆனால் இன்றைக்குப் பட்டை கிடையாது என்றாள் பிசியோதெரபிஸ்ட். மாஸ்டர் மனைவியின் காதில், கிளட்சை மறந்துடு, நேராப் பாரு, என்று ரகசியமாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

நேராகப் பார்க்கச் சொன்னவர் வழியெல்லாம் அவளையேதான் பார்த்தார். பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டு காலையும் மாற்றி மாற்றி இழுத்தாள், நடுவில் சுவரைப் பிடித்தாள், ஒருமுறை தடுக்கவும் தடுக்கினாள். தான் எப்போது மறுமுனைக்கு வந்து சேர்ந்தோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

பிசியோதெரபிஸ்ட் திரையிலிருந்து நிமிர்ந்தாள். "பிரமாதம். பாஸ். அந்த வீட்டுலயே தாராளமா இருக்கலாம்." மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாஸ்டருக்கு ஒரு நிமிஷம் காதில் விழுந்தது நிஜமா என்று சந்தேகம் வந்தது. பால்கனி கைக்கு வந்துவிட்டது. மைதானம் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் தகுதி இல்லாத ஒருவரைக்கூடத் தேறிவிட்டார் என்று அவர் வாயால் சொன்னதில்லை.

"இது தப்பும்மா" என்றார். "இப்படி ஒருத்தர் ஓட்டினா நான் லைசென்ஸுக்கு அனுப்பவே மாட்டேன். இவ நடந்ததை நீ பாத்தியா? இந்தக் காலோட மூணு மாடி ஏறி இறங்கினா என்னிக்காவது விழுந்துடுவா. எனக்கு அந்த வீடு வேண்டாம். இவளை ஃபெயில்னு போடு. நாங்க கீழ்த்தளத்துக்கே போயிடறோம்."

பிசியோதெரபிஸ்ட் உதட்டைக் கடித்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். மகள் கூரையைப் பார்த்தாள். மனைவி ஈரமான கண்ணோடு கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டைகளைத் திரும்ப வாங்கி வைக்க வந்த வரவேற்பு மேசைப் பெண்ணுக்கு இந்த வம்பெல்லாம் தெரியாது. திரையை எட்டிப் பார்த்தாள், முகம் மலர்ந்தது, நேரே மனைவியிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, சாரோட நடை சுத்தமா சரியாயிடுச்சு. இனிமே நீங்க நொண்ட வேண்டாம்."