முன்சில்லுக்குப் பாரம் வேணும்

விநாயகமூர்த்தி ஒரு முடிவோடு இருந்தார். விடுமுறைப் பயணத்தில் கிங்ஸ்ரன் போய்ச் சேரும்வரை முன்சீட்டில், தனக்குப் பக்கத்தில், மனைவி ரதிதான் இருக்க வேண்டும்.

இதென்ன பெரிய ஆசை என்று கேட்பீர்கள். அவருக்கு இரவு வேலை, அவளுக்குப் பகல் வேலை. கனடாவுக்கு வந்த பிறகு இருவரும் சந்தித்துக்கொண்டது பெரும்பாலும் வெக்ஸ்போர்ட் வீட்டு வாசலில்தான். அவர் சப்பாத்தைக் கழற்றும்போது அவள் மாட்டிக்கொண்டிருப்பாள். அதனால்தான் கட்டிலும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற பழைய மோட்டர்ஹோம் ஒன்றை வாங்கினார். பின்னால் கொழுவ ஒரு ட்ரெயிலரும் அதோடு கிடைத்தது.

அப்போதுதான் மோர்னிங்சைட்டிலிருந்து ரதியின் தமையன் அன்புராசா போன் எடுத்தார். தானும் வருகிறாராம். அன்புராசா லொறி ஓட்டுகிறவர். ஆளே அரை லொறி. முன்சீட்டில் ஏறினால் இறங்கமாட்டார். எங்கே பிறேக் போட வேண்டும் என்று வழிமுழுக்கச் சொல்லிக்கொண்டே வருவார்.

மூர்த்தி மூளையைக் கசக்கினார். ட்ரெயிலரைக் கொழுவினால் மோட்டர்ஹோமின் பின்பக்கம் பதிந்து மூக்கு எழும்பும். முன்சில்லில் பாரம் குறைந்தால் ஸ்ரியறிங் சொல்வழி கேளாது. அதற்காகவே விற்றவன் இரண்டு வில்லுத்தடிகள் தந்திருந்தான். கொழுக்கியில் மாட்டிச் சங்கிலியால் இறுக்கினால், பின்பாரத்தில் ஒரு பங்கை அவை முன்சில்லுக்குத் தள்ளிவிடும். மூர்த்தி அந்தத் தடிகளைத் துவாயில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே ஒளித்துவைத்தார்.

பயணத்தன்று காலை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

"இஞ்சை பாரும் ரதி, பின்பக்கம் குந்தியிட்டுது. முன்பக்கம் வானம் பாக்குது. இன்னுமொரு ஆள் ஏறினா நாங்கள் 401 ஹைவேயிலை பறக்கவேண்டியதுதான்."

"அப்ப அண்ணை?"

"பாவம், நல்ல மனிசன். என்ன செய்யிறது, பாரமெல்லோ!"

"என்ரை இடியப்பச் சட்டி, குத்தரிசிச் சாக்கு?"

"அதெல்லாம் வரலாம். ஆள்தான் ஏலாது."

ரதி அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "சரியப்பா" என்றுவிட்டு முறுக்கு ரின்னோடு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் வந்தது.

"இஞ்சருங்கோ! கட்டிலுக்குக் கீழை துவாயைப் போத்துக்கொண்டு இரும்பு நித்திரை கொள்ளுது. உது என்ன?"

மூர்த்திக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வாசலில் வந்து இறங்கிய அன்புராசாவுக்கு ஒட்டவில்லை.

"உது வில்லுத்தடியெல்லோ! மச்சான், உதை மறந்து போனியளே?"

"ஓம் மச்சான்... மறந்துதான் போனன்."

அன்புராசா தடிகளை மாட்டிச் சங்கிலியை இறுக்கினார். வானம் பார்த்த மூக்கு ரோட்டைப் பார்த்தது. மூர்த்தியின் மூக்கும்தான்.

கண்ணூறு படாமலிருக்க ரதி நாலு சில்லுகளுக்கும் கீழே தேசிக்காய் வைத்தாள். மூர்த்தி மெல்ல வண்டியை எடுத்தார். எல்லாம் நசிந்தன, முன்சில்லுக்கு வைத்த ஒன்று மட்டும் வழுக்கி, முழுசாக உருண்டு ஓடியது. மூர்த்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஜன்னலால் தலையை நீட்டினார்.

"பாத்தீரே! தடி போட்டும் முன்சில்லிலை பாரம் காணாது. நான் அப்பவே சொன்னனான்!"

தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

ரதி அந்தத் தேசிக்காயைப் பொறுக்கித் துடைத்தாள். "நீங்கள் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். முன்னுக்குப் பாரம் வேணும். அண்ணை, நீங்கள் முன்சீட்டிலை ஏறுங்கோ. நான் பின்னாலை கட்டிலிலை படுக்கிறன்."

சீட்டு முனகியது. மூர்த்தி முனகவில்லை; முனகத் தெம்பில்லை. உள்ளே ஏறி வந்த ரதி குனிந்து அவர் காதுக்குள் சொன்னாள்:

"நான் பக்கத்திலை இருக்கவேணுமெண்டா வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே. தடியை ஏனப்பா ஒளிச்சனீங்கள்? திரும்பி வரேக்கை நான் முன்னுக்கு இருக்கிறன்."

அந்த ஒரு சொல்லிலேயே மூர்த்திக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பிக்கரிங் தாண்டும்போது பின்னாலிருந்து ரதியின் கை ஒரு முறுக்கோடு நீண்டது. இந்தமுறை மூர்த்தி வாயைத் திறந்தார்.

அன்புராசா முறுக்கை வாங்கித் தன் வாய்க்குள் போட்டுக்கொண்டு சொன்னார்: "மச்சான், பிறேக்!"