அப்பாவின் வயிற்றில் இயற்கை விவசாயம்

பசுவந்தனை,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அன்புள்ள பெரிய அத்தைக்கு, மாரிச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் பேரனுக்குக் குத்திய காது ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் முழங்கால் வலியும் குறைந்திருக்க வேண்டும் என்று எங்கள் ஊர்ச் சாமியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்றுதான் அடுத்த வரியை எழுத வேண்டும். அதை எழுதலாமா கூடாதா என்று தெரியாததால்தான் இந்தக் கடிதம்.

அன்று புதியம்புத்தூரில் உங்கள் வீட்டுக் காதுகுத்து விருந்தில் நான் இரண்டு விஷயங்களைச் சொல்லவில்லை. நீங்கள் கையால் வைத்த கறியை அப்பா இலை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு மோர் கேட்டபோது, "ஏலே வெயிலு, அக்கா வச்ச கறி தொண்டையில எறங்கலையோ? யாருலே ஒன் வயித்துக்குப் பூட்டுப் போட்டது?" என்று கேட்டுவிட்டு நீங்கள் அம்மாவைப் பார்த்தீர்கள். அம்மா இலையைப் பார்த்தாள். பூட்டுப் போட்டது நான்தான் என்று நான் சொல்லவில்லை. பிறகு கைகழுவுமிடத்தில், மாத்திரை கொண்டு வந்தீர்களா என்று நான் கேட்டதற்கு அப்பா என் காதோடு ஒன்று சொன்னார். அதையும் யாரிடமும் சொல்லவில்லை. அவர் மாத்திரையை நிறுத்தி அன்றைக்கு நாற்பது நாள். போன வருஷம் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பும்போது, ஒரு வேளை தப்பினால்கூட வைத்த இடத்திலேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொன்னாரே, அதே மாத்திரைகள்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். அத்தானின் தையல் யூனிட்டில் பன்னிரண்டு மிஷினும் நின்று கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன். கண்ணாடி போட்டு நீங்களே படியுங்கள், அக்காவிடம் வாசிக்கக் கொடுக்க வேண்டாம்.

நடந்தது இதுதான். ஒரு நாள் அப்பா விதை உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். நம் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றனவாம். நாம் முட்டையின் மஞ்சள்கருவும் ஆட்டுக்கறியும் தின்றால் அவற்றில் சில அதிலிருந்து ஒரு வாயுவை உண்டாக்குமாம், ஈரல் அந்த வாயுவை வேறொரு பொருளாக மாற்றி ரத்தத்தில் விடுமாம், அந்தப் பொருள் அதிகமானவர்களுக்கு ரத்தக் குழாய்ச் சுவர் தடிப்பதும், ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் லேசில் ஒட்டிக்கொண்டு கட்டியாவதும் கூடுதலாகத் தெரிகிறதாம். நார்ச்சத்தைத் தின்று நமக்கு நல்லது செய்கிற பாக்டீரியாக்களும் அதே குடலில்தான் இருக்கின்றனவாம். இதுவரை வாசித்தேன். கடைசியில் ஒரு பத்தி மீதி இருந்தது. இந்தப் பொருள்தான் நோய்க்குக் காரணமா, அல்லது நோயோடு கூடவே வருகிறதா என்று இன்னும் உறுதியாகவில்லை, மாத்திரைக்கு மாற்று இதுவல்ல என்று அதில் இருந்தது. ஆனால் அதற்குள் அப்பா முறத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தப் பத்தியை நான் மனதுக்குள் படித்துக்கொண்டேன்.

மறுநாள் முதல் வீட்டில் முட்டை இல்லை. கெட்ட பாக்டீரியா என்கிற களைக்கு யாராவது உரம் வைப்பார்களா என்று கேட்டார். தினமும் காலையில் ஒரு சொம்பு நீராகாரம், அது நல்ல பாக்டீரியாவுக்கு. கரிசலில் ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போட்டால் மண் சலித்துவிடும் என்பதால் ஒரு நாள் கம்பு, ஒரு நாள் குதிரைவாலி, ஒரு நாள் சோளம் என்று சுழற்சி. சனிக்கிழமை தரிசு, அன்றைக்கு நீராகாரம் மட்டும். இதெல்லாம் நல்லதுதானே என்று நானும் சும்மா இருந்துவிட்டேன் அத்தை, உண்மையில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. காலில் கருவேல முள் குத்திச் சீழ் வைத்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கைத் தொடவே மாட்டேன், அது களையோடு சேர்த்துப் பயிரையும் கருக்கிவிடும் என்று அடம்பிடித்தார். அது முழுப் பொய்யும் இல்லை. அவர் பாதம் வீங்கி, மூன்றாம் நாள் அம்மா அழுத பிறகுதான் விழுங்கினார். மீன்காரர் வண்டியோடு வாசலில் வந்து நின்றபோது மீன் தின்னலாமா என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று போனில் தேடினேன். அந்தப் பொருள் கடல் மீனில் நேராகவே இருக்கிறது என்று ஓரிடத்தில் இருந்தது, மீன் இதயத்துக்கு நல்லது என்று இன்னோரிடத்தில் இருந்தது. நான் இரண்டையும் மாறி மாறி வாசிக்க, மீன்காரர் ஐஸ் கரையுது தாயி என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். ரத்தம் உறையத் தேவையான ஒரு வைட்டமினையும் குடல் பாக்டீரியாக்களில் சில செய்கின்றன என்று அன்றைக்குத்தான் படித்தேன். அவை உறைய வைத்துக் காப்பாற்றுகின்றனவா, உறைய வைத்து அடைக்கின்றனவா, நமக்கு எது வேண்டும், எவ்வளவு வேண்டும், இதை யாரிடம் கேட்பது? போனை அணைத்து வைத்துவிட்டேன்.

விருந்து முடிந்து பஸ்ஸில் திரும்பும்போதுதான் மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் நான் ஏதோ சின்னப் பிள்ளை என்பது போலப் பார்த்தார்.

"உளுந்து வெதைக்கு நுண்ணுயிர் பாக்கெட்ட ஆறின கஞ்சில கலந்து போடுதோம். அன்னைக்கே ரசாயன மருந்தையும் சேத்துப் போட்டா என்னட்டி ஆவும்?"

"பாக்டீரியா செத்துரும்."

"செத்துரும்லா. பாக்கெட்லயே எழுதியிருக்கான். வெதைக்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயமா?"

அந்தப் பாக்கெட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது அத்தை, வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். அது நிலத்துக்கு, நீங்கள் நிலமில்லை என்று சொன்னேன். பாக்டீரியாவுக்கு அது தெரியுமா என்று கேட்டார். தெரியாதுதான். வீட்டில் அந்தக் கடைசிப் பத்தியைக் கொண்டுவந்து சத்தமாக வாசித்தேன். அன்றைக்கு வாசிக்காமல் இன்றைக்கு வந்து வாசிக்கிறாயே, நடுவில் எவன் எழுதிச் சேர்த்தான் என்றார். தனக்கு முன்னைவிட நன்றாக இருக்கிறது, மேட்டுக்காட்டுக்கு மூச்சு வாங்காமல் நடப்பதாகச் சொல்கிறார். நடக்கவும் செய்கிறார், பார்க்கப் பயமாக இருக்கிறது. மாத்திரையெல்லாம் எங்கே என்று அம்மாவிடம் கேட்டால் அதெல்லாம் இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கிறாள். மாதாமாதம் கோவில்பட்டியிலிருந்து வாங்கி வந்து கொடுப்பவள் நான். அவை எங்கேயோ ஒரு டப்பாவில் குவிந்துகொண்டிருக்கின்றன. அப்பாவை எதிர்த்துப் பேச அம்மாவுக்குப் பயம்.

அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். அப்பா கேட்பது உங்கள் பேச்சு ஒன்றைத்தான். நீங்கள் கூப்பிட்டு, ஏலே மாத்திரையை முழுங்கு என்று ஒரு தடவை சொன்னால் போதும், காரணம் எதுவும் சொல்ல வேண்டாம், காரணம் சொன்னால் அவர் அதற்கு ஒரு விவசாயம் கண்டுபிடித்துவிடுவார். இன்னொன்று, அம்மாமேல் உங்களுக்கு உள்ள வருத்தத்தை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கறி வேண்டாமென்று சொல்லிக்கொடுத்தது அவள் இல்லை.

மாமாவுக்கும் அத்தானுக்கும் என் அன்பு, அக்காவுக்கு விசாரிப்பு. பேரனின் காதில் சட்டை உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆசீர்வாதம் எங்கள் வீட்டின் மேல், முக்கியமாக அப்பாவின் இதயத்தின் மேல், எப்போதும் இருக்க வேண்டும்.

பணிவுடன்,
மாரிச்செல்வி

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். போன் போட வேண்டாம். திங்கட்கிழமை காலையில் கவரை ஒட்ட ஒரு சோற்றுப் பருக்கை எடுக்க அடுக்களைக்குப் போனேன். அம்மா பூண்டு தட்டுகிற சின்ன உரலில் மூன்று மாத்திரைகளை நுணுக்கிக்கொண்டிருந்தாள். தூளை அப்பாவின் நீராகாரச் சொம்பில் தட்டி, உப்புப் போட்டுக் கலக்கினாள். முதல் நாளிலிருந்தே இப்படித்தானாம், ஒரு வேளைகூடத் தப்பவில்லையாம். "அவிய முழுங்க மாட்டேன்னுதான சொன்னாவ. குடிக்க மாட்டேன்னு சொல்லலைல்லா" என்றாள். பந்தியில் நீங்கள் கேட்டபோது ஏன் பேசாமல் இருந்தாய் என்று கேட்டேன். மதினிக்கு, அதாவது உங்களுக்கு, தெரிந்தால் தம்பிக்குத் தெரிந்துவிடும் என்றாள். ஆகவே உங்களுக்கும் இது தெரியாது.

செவ்வாய்க்கிழமை மூவரும் டாக்டரைப் பார்க்கப் போனோம். ரத்தப் பரிசோதனை, இசிஜி எல்லாம் எடுத்தார்கள். அப்பா ஒளிக்காமல், மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம் ஆகப்போகிறது, எல்லாம் பாக்டீரியாவைக் கொண்டே நடக்கிறது என்று பத்து நிமிடம் விளக்கினார். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார், பிறகு வெகுநேரம் அம்மாவைப் பார்த்தார். அம்மா மின்விசிறியைப் பார்த்தாள். அப்படியே தொடருங்கள் என்று சொல்லிவிட்டு, சீட்டில் புதிதாக ஒரு மாத்திரையைச் சேர்த்து எழுதி, மடித்து அம்மாவின் கையில் கொடுத்தார்.